ஒரு வீட்டில் ஐந்து கடிகாரங்கள்

கடல் கடந்து வாழும் நம்மவர் ஊருக்கு அனுப்பும் நிழற்படங்களை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். பனி மூடிய வீதி இருக்கும், பூங்கா இருக்கும், கோயிலிற் பட்டுடுத்தி நிற்கும் பிள்ளைகள் இருப்பார்கள். வீட்டின் உட்புறம் மட்டும் அப்படங்களில் அகப்படுவது அரிது. அதன் காரணத்தை நான் 2017ஆம் ஆண்டு டிசெம்பர் விடுமுறையிலே, பாரிஸ் நகரில் என் தமக்கையாரின் இல்லத்தில் ஒரு மாத காலம் தங்கியபோது அறிந்துகொண்டேன். மூன்று மாத விசாவில் மகளைப் பார்க்கச் சென்றிருந்த என் அன்னையாரைத் திரும்ப அழைத்து வருவதற்காகவே நான் அங்கு சென்றேன்.

வன்னியிலே எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் இன்று வெளிநாட்டில் வாழ்கின்றனர். அவர்கள் பெற்றோரை அழைப்பதும், பெற்றோர் ஆவலோடு செல்வதும், சில வாரங்களுள் இரு பக்கத்தாரும் மனம் நொந்து போவதும் நடக்கின்றன. எவரும் கெட்டவரல்லர், ஆயினும் நோவு உண்டாகிறது. அது ஏன் உண்டாகிறது, எவ்வாறு தணியும் என்பதை என் குடும்ப அனுபவத்தைக் கொண்டே சொல்ல முயல்கிறேன். போக இருப்போருக்கும் அழைக்க இருப்போருக்கும் அது பயன்படலாம்.

நம் வீடு எங்கே முடிகிறது?

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் பெருவீதியில் அமைந்தது எங்கள் தர்மபுரம். இங்கே வீடு என்றால் நான்கு சுவர் என்று எவரும் நினைப்பதில்லை. வளவு முழுவதும் வீடுதான். குளிப்பது கிணற்றடியில், மா இடிப்பது மரநிழலில், விருந்தினர் அமர்வது விறாந்தையில், பிள்ளைகள் படிப்பது விளக்கு எங்கே இருக்கிறதோ அங்கே. சுவருக்குள் நாம் செய்வது உறங்குவதும் நெல்மூடைகளைப் பத்திரப்படுத்துவதுமே. வீட்டில் ஒருவனுக்குக் கோபம் வந்தால் அவன் படலையைத் திறந்துகொண்டு வயற்பக்கம் போவான். போய்த் திரும்புவதற்குள் பாதிக் கோபம் வழியிலேயே ஆறிவிடும். நம் குடும்ப ஒற்றுமைக்கு நம் குணம் மட்டுமே காரணம் என்று நாம் பெருமை பேசுகிறோம். வளவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

கிளிநொச்சி மாவட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 1,280 சதுர கிலோமீற்றர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அதில் வாழ்ந்தோர் 1,13,510 பேர். பாரிஸ் நகரின் பரப்போ ஏறக்குறைய 105 சதுர கிலோமீற்றர்தான்; அதற்குள் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். நம் மாவட்டத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு நிலத்தில், நம்மைப் போலப் பதினெட்டு மடங்கு மக்கள்! அங்கே வளவு எங்கே, படலை எங்கே?

ஒன்பது சதுர மீற்றர்

பாரிசின் பழைய கட்டடங்களிற் பல, 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் பிரபு அந்நகரை இடித்துக் கட்டியபோது எழுந்த பாணியைச் சேர்ந்தவை. கீழ் மாடிகளிலே செல்வர் வாழ்ந்தனர். கூரையின் கீழுள்ள உச்சி மாடியிலே அவர்தம் வேலைக்காரப் பெண்களுக்கென்று சிறுசிறு அறைகள் வகுக்கப்பட்டன. அவ்வறைகளைத்தான் பிற்காலத்தில் மாணவரும் ஏழைகளும் அகதிகளும் வாடகைக்குப் பெற்றனர். 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தின் பின் அங்கு சென்ற நம் இளைஞர்கள் ஓர் அறையிற் பலராகத் தங்கி, வேலைநேரம் மாறி மாறி வந்தபடியால் ஒரே படுக்கையில் முறைவைத்து உறங்கிய கதையை இன்றும் சொல்வார்கள். 2002ஆம் ஆண்டு வெளியான அரசாணையொன்று, வாடகைக்கு விடும் வீட்டின் பிரதான அறை ஒன்பது சதுர மீற்றருக்குக் குறையாமலும், அதன் உயரம் 2.20 மீற்றருக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும், அல்லது அறையின் கொள்ளளவு 20 கன மீற்றராயினும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. ஒன்பது சதுர மீற்றர் என்பது பத்தடிக்குப் பத்தடிதான். நம் ஊரில் மாட்டுக் கொட்டில் இதனினும் பெரிது.

என் தமக்கையாரின் வீடு அவ்வளவு சிறியதன்று. இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை. எல்லாம் சேர்ந்து முப்பத்தொரு சதுர மீற்றர். ஆறாம் மாடி, லிப்ட் கிடையாது. அம்மா முதல் நாளே படிகளை எண்ணிவிட்டார். "நூற்றெட்டு. நல்ல எண்தான்" என்றாராம். அந்த நகைச்சுவை இரண்டு மாதத்துக்கே தாக்குப்பிடித்தது.

படிக்கட்டில் ஒரு மாணவன்

அக்கா அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் பணிக்கு விடியுமுன் செல்வார். நாலரை மணிக்கு எழுந்து முதல் மெற்றோவைப் பிடித்து, முற்பகல் பத்து மணிக்குத் திரும்புவார். அத்தான் ஓர் உணவகத்தின் சமையற்கட்டிலே வேலை. பத்து மணிக்குப் போய் நள்ளிரவு தாண்டி வருவார். மருமகனுக்கு வயது பதினைந்து. அடுத்த ஜூனில் அரசாங்கப் பரீட்சை. மருமகளுக்கு வயது ஒன்பது. எட்டு மணிக்கு உறங்க வேண்டும். அம்மாவோ தம் வாழ்நாள் முழுவதும் நான்கு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, திருநீறணிந்து, வாய்விட்டுத் தேவாரம் பாடிப் பழகியவர். அம்மாவின் படுக்கை மருமகனின் படுக்கைக்கு அருகே, முன்னறையில்.

மாரியில் பாரிஸ் நகரிலே காலை எட்டரைக்குப் பிறகே சூரியன் உதிக்கும். மாலை ஐந்துக்கு முன் அடைந்துவிடும். யன்னல் சாத்தியே இருக்கும். இவ்வைவரும் அந்த முப்பத்தொரு சதுர மீற்றருக்குள்ளே ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டும், ஒருவருக்கொருவர் 'உஸ்' என்று சைகை காட்டிக்கொண்டும் வாழ்ந்தனர்.

நான் சென்ற நான்காம் நாள் இரவு பதினொரு மணியிருக்கும். மருமகனைக் காணவில்லை. அக்கா பதறினார். நான் படியிறங்கினேன். மூன்றாம் மாடித் திருப்பத்திலே, மேலங்கி அணிந்தபடி, மடியில் கணிதப் புத்தகத்துடன் அவன் அமர்ந்திருந்தான். அக்கட்டடங்களிற் படிக்கட்டு விளக்கு, பொத்தானை அழுத்திய சில நிமிடங்களில் தானே அணைந்துவிடும். அது அணையும்போதெல்லாம் அவன் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தி, மறுபடியும் படித்துக்கொண்டிருந்தான். நான் அருகில் அமர்ந்தேன். சற்று நேரத்தின் பின் அவன் சொன்னான்: "மாமா, எனக்கெண்டு ஒரு கதவு இல்லை."

அவனை அழைத்துக்கொண்டு மேலே வந்தபோது அம்மா விழித்திருந்தார். தம் பெட்டியை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்திருந்தார். "என்னை ஊருக்கு அனுப்பிப் போடுங்கோ. என்னாலை உங்களுக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல்" என்றார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுதால் மகள் விழித்துவிடுவாள் என்று அழவும் முடியாமல் நின்றார்.

கூடாரமும் தொடர்மாடியும்

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு கேள்வி மனத்தை அரித்தது. 2009ஆம் ஆண்டு ஜனவரியிலே நாங்கள் தர்மபுரத்தை விட்டு இடம்பெயர்ந்தோம். அவ்வாண்டின் நடுப்பகுதியில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் ஒரு கூடாரத்தில் வாழ்ந்தோம். அது இவ்வீட்டினும் மிகச் சிறியது. குனிந்துதான் உள்ளே போகலாம். அங்கே இழப்பும் பசியும் இருந்தன. ஆயினும் அம்மா ஒரு நாளும் எங்களோடு பிணங்கியவரல்லர். கூடாரத்திற் பொறுத்தவர், சூடேற்றிய அறையில் ஏன் பொறுக்கவில்லை?

விடியும் வேளையில் விடை கிடைத்தது. முகாமில் எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரம். எல்லோரும் ஒன்றாகத் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம்; ஒன்றாக உண்டோம்; ஒன்றாக இருளில் படுத்தோம். பாரிஸ் வீட்டிலோ ஐந்து பேருக்கும் ஐந்து கடிகாரங்கள். ஒருவருடைய விடியல் மற்றவருடைய நடுநிசி. மோதியவை மனங்களல்ல, அந்த நேரங்களே. இடம் சிறிதென்று நாம் குறைகூறுகிறோம். இடத்தைப் பெரிதாக்க நம்மால் இயலாது. நேரத்தைப் பங்கிடலாம் அல்லவா?

இது எனக்குப் புதிய பாடமன்று. 2010இல் ஊர் திரும்பி மீண்டும் பாடசாலை தொடங்கியபோது, கூரை போதாமையால் ஒரே கொட்டகையில் மூன்று வகுப்புகள் நடத்தினோம். ஒரு வகுப்பு வாய்விட்டுப் படிக்கும்போது அடுத்த வகுப்பு எழுத வேண்டும்; மூன்றாவது வகுப்பு மரத்தடிக்குப் போக வேண்டும். நேரசூசி சரியாக இருந்தால் ஒரு கொட்டகை மூன்று கொட்டகையாகிவிடும். அதையே வீட்டுக்கும் செய்வோமென்று மறுநாட் காலை ஒரு தாளில் கட்டம் கீறி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன்.

நான் விட்ட பிழை

என் நேரசூசி இரண்டு நாளில் தோற்றது. காரணம் என் ஆசிரியப் புத்தி. எவரையும் கேளாமல் நானே எழுதினேன். அம்மாவின் பெயருக்கு நேரே நான் எழுதியிருந்த சொல் ஒன்றேதான்: 'ஓய்வு'. அதனை மருமகள் வாசித்துக்காட்டியபோது அம்மா சிரிக்கவில்லை. "ஓய்வெண்டால் என்ன? எனக்கு ஒரு வேலை தா. அது இல்லாட்டி நான் இந்த வீட்டிலை ஒரு மூட்டை" என்றார்.

இரண்டாம் முறை எல்லோரும் கூடியிருந்து எழுதினோம். ஞாயிறு மாலை, அத்தானின் விடுமுறை நாளிலே. ஒவ்வொருவரும் தமக்கு மிக வேண்டியது ஒன்றை மட்டும் கேட்கலாம் என்பது விதி. மருமகன் மாலை ஆறு முதல் எட்டு வரை உள்ளறையும் சாத்திய கதவும் கேட்டான். பகலிற் கதவு சாத்துவது அம்மாவுக்குப் பொருந்தாத காரியம். எனினும் ஒத்துக்கொண்டார், தட்டிவிட்டே திறப்பதாகவும் சொன்னார். அத்தான் காலை எட்டரை வரை உறக்கம் கேட்டார். அக்கா கேட்டது எங்களைத் திகைக்க வைத்தது: வேலையால் வந்ததும் அரை மணி நேரம் தம்மிடம் எவரும் எதுவும் பேசக்கூடாது! மருமகள், இரவிற் கதை சொல்ல அம்மம்மா வேண்டும் என்றாள். அம்மா குசினியைக் கேட்டார்: பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை, வேறெவரும் உள்ளே வராமல். அன்றுமுதல் இரவுச் சாப்பாடு அம்மாவின் பொறுப்பாயிற்று. தேவாரம் நான்கு மணிக்கு மனத்துக்குள்ளும், எல்லோரும் எழுந்தபின் வாய்விட்டும் என்று அவரே மாற்றிக்கொண்டார். "சிவனுக்குக் காது கேக்கும்" என்பது அவர் சொன்ன நியாயம்.

ஆறாவது கடிகாரம் ஒன்றும் இருந்தது. ஒரு நாள் கதவின் கீழே கடிதம் கிடந்தது. ஐந்தாம் மாடிப் பெண்மணி எழுதியது. அம்மா காலையில் உள்ளி இடிக்கும் ஓசையைப் பற்றியது. சண்டைக்கடிதமென்று அஞ்சினோம். மருமகன் வாசித்தான்: அவர் வைத்தியசாலையில் இரவுக் கடமை புரியும் தாதி; காலை எட்டுமணிக்குத்தான் உறங்கப் போவாராம். இரவு பத்து முதல் காலை ஏழு வரை ஓசை செய்தல் ஆகாதென்பது அந்நாட்டு வழக்கம். அதை நாங்கள் காத்தோம். ஆனால் அவருக்கு இரவு காலையிலேதான் தொடங்கியது. இடிப்பதைப் பிற்பகலுக்கு மாற்றி, உரலின் கீழே மடித்த துணியும் இட்டோம். தாளில் அவருக்கும் ஒரு வரி சேர்த்தோம்.

பாயும் காற்றும் வெளியும்

நேரம் சீரானபின் இடத்திலும் சில சீர்திருத்தங்கள் தாமே தோன்றின. முன்னறையின் பாதியை இரண்டு கட்டில்கள் அடைத்திருந்தன. அம்மாதான் கேட்டார்: "பகல் முழுக்க ஆரும் படுக்காத கட்டில் ஏன் நிக்குது?" நம் முன்னோர் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தபோது படுக்கையறை கூடமாயிற்று. யப்பானியரும் அவ்வாறே படுக்கையை மடித்து அலுமாரியுள் வைப்பர். ஒரு கட்டிலை அகற்றி மடிக்கும் மெத்தை வாங்கினோம். பகலில் மருமகள் தரையில் விளையாட இடம் பிறந்தது.

மூடிய வீட்டிற் சமைத்து, குளித்து, ஈரத்துணியும் உலர்த்தினால் அந்நீராவி குளிர்ந்த சுவரிற் பட்டு நீராகும். அங்கே கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். பிள்ளைகளுக்கு இருமல் வரும். ஆதலின் எவ்வளவு குளிராயினும் நாள்தோறும் ஐந்து பத்து நிமிடமாவது யன்னலைத் திறந்துவிடுதல் நன்று. சாம்பிராணிக்கென்று மூடிய அறையிற் கரி மூட்டுதல் உயிருக்கே ஆபத்து. மணமும் நிறமும் இல்லாத நச்சுவாயு அதிலிருந்து எழும். பிரான்சில் 2015 மார்ச் 8 முதல் ஒவ்வொரு வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருத்தல் சட்டப்படி கட்டாயம். கற்பூரப் புகைக்கு அது அலறுகிறதென்று சிலர் அதைக் கழற்றிவிடுவர். கற்பூரத்தைக் குறைப்பதே அறிவுடைமை.

எல்லாவற்றினும் மேலானது, வீட்டுக்கு வெளியே ஒரு வளவைத் தேடிக்கொள்வது. பாரிசின் வடபகுதியிலே, நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு அருகே, பஜோல் என்றொரு வீதி இருக்கிறது. அவ்வீதியில் மாணிக்க விநாயகர் ஆலயம் உள்ளது. அதே வீதியில், பழைய புகையிரதப் பண்டகசாலையைப் புதுக்கி, செக் நாட்டு எழுத்தாளரும் சனாதிபதியுமாக விளங்கிய வாக்லாவ் ஹாவெல் பெயரில் 2013இல் திறந்த பொது நூலகமும் உள்ளது. கட்டணமின்றி எவரும் உள்ளே சென்று படிக்கலாம். சனிக்கிழமைகளில் பாட்டியும் பேரனும் ஒன்றாகப் புறப்பட்டனர். ஒருவர் கோயிலுக்கு, ஒருவர் நூலகத்துக்கு. திரும்பும்போது அரிசிப் பையை அவன் தூக்க, நூற்றெட்டுப் படிகளையும் இருவரும் பேசிக்கொண்டே ஏறினர்.

தொடர்மாடிக்கும் ஒரு முற்றம் வேண்டுமென்பதை உலகின் அறிஞர் உணராமலில்லை. கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே 1952இல் மார்செய் நகரிற் கட்டி முடித்த பெருந்தொடர்மாடியில் 337 வீடுகள். அவற்றின் நடுவே ஒரு கடைவீதி, கூரைமேல் ஒரு பாலர் பாடசாலை. சிங்கப்பூரில் 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், எழுபதுகள் முதல் தன் கட்டடங்களின் தரைத்தளத்தை வீடாக்காமல் வெறுமனே திறந்துவிட்டது. மலாய்க்காரர் திருமணமும் சீனர் இழவுச் சடங்கும் அங்கே நடைபெறும்; மாலையில் முதியோர் அமர்ந்து பேசுவர். நம் திண்ணைக்கு அவர்கள் கண்ட மாற்று அது.

பெட்டி மறுபடியும் கட்டிலின்மேல்

ஜனவரி முதல் வாரத்தில் அம்மாவின் பெட்டி மறுபடியும் கட்டிலின்மேல் ஏறியது. விசா முடிகிறதே என்ற கவலையோடு இம்முறை அதை அடுக்கியவர்கள் பேரப்பிள்ளைகள். எல்லாம் இனிதாய் முடிந்துவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். அந்த ஒரு மாதத்துள்ளும் இருமுறை பிணக்கு வந்தது. அக்காவின் அரை மணி மௌனத்தை அம்மா கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை. ஆனால் மருமகன் அதன்பின் படிக்கட்டில் அமர்ந்து படிக்கவில்லை. ஜூனிற் பரீட்சையும் சித்தியெய்தினான்.

அவன் 2023ஆம் ஆண்டு கோடையில் தர்மபுரம் வந்தான். இப்போது பல்கலைக்கழக மாணவன். ஓர் ஏக்கர் வளவு. அவனைக் காண அயலெல்லாம் திரண்டு வந்தது. விறாந்தையிற் கதிரைகள் போதவில்லை. மாலை ஆறு மணியளவில் அவன் மெல்ல எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். வந்தவர்கள் முகம் மாறியது. சிறிய மாமியார் எழுந்து, "தம்பிக்கு என்ன, கோபமோ?" என்று கதவைத் திறக்கப் போனார்.

அம்மா தம் கதிரையை இழுத்து அந்தக் கதவடியிற் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

"பொறுங்கோ. அது அவன்ரை நேரம்" என்றார்.